கோடு போட்ட மைக்

இனிமேல் நான் திட்டும் எந்த வசவும் யார் காதிலும் விழக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டேன். திட்டுவதை விடுவதாகச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

காரணம் திராட்சை. மூட்டு வீங்கியதிலிருந்து வாரத்தில் பாதி நாள்தான் தோட்டம். மீதி நாள் கட்டிலில் உட்கார்ந்து போனிலேயே வேலை வாங்குவேன். முந்தாநாள் பழம் வெட்டும் பெண்களிடம், "கண்ணு பின்மண்டையிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லார் காதிலும் விழுந்ததாம். அவர்களுக்குத் தலைவி சங்கிலியம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். எல்லாரும் வைத்தார்கள்.

மலை மேல் மேகம் இறங்குகிறது. ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். கூடவே நானும்.

நான் ஒன்றை மனதில் வைத்தால் வைத்ததுதான். கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப்போன மச்சினனோடு இன்றுவரை பேச்சில்லை. சங்கிலியம்மாளையும் அந்த வரிசையில் சேர்த்தேன்.

என் மனைவி கஸ்தூரியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கூப்புட்டா வருவாக. ஆனா நீங்க வீடியோவுல மூஞ்சியக் காட்டிப் பேசணும்."

"மூஞ்சி எதுக்கு?"

"மரியாதைக்கு."

வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் மகள் நாகஜோதி, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எங்க ஆபீஸ்லயும் அதாம்ப்பா சொல்றாக. நேர்ல திட்டுனா பெறகு ஒரு டீ வாங்கிக் குடுத்துச் சரிக்கட்டலாம். போன்ல திட்டுனா, வச்ச பெறகும் அந்தப் பேச்சு மட்டும் அங்கனயே கெடக்கும்."

"ஒங்க மேனேஜர் கத்துறப்ப நீ மட்டும் என்னமோ மொணங்குற?"

"அது மைக்க அணைச்சுட்டு."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. மைக் படத்தைத் தொட்டால் அதன் மேல் ஒரு கோடு விழும். கோடு விழுந்தால் என் குரல் என் வீட்டோடு.

மறுநாள் கஸ்தூரி கூப்பிட்டதும் பெண்கள் வந்தார்கள். தோட்டத்தில் பந்தல் கல்தூணில் ஒரு போனைச் சாய்த்து வைத்தார்கள்; கட்டிலில் இருந்த என் போனில் எல்லாரும் தெரிந்தார்கள்.

"சங்கிலி, தாயி, சாப்டியா? காம்ப நீளமா விட்டு வெட்டுங்கத்தா."

கோடு போட்டேன்.

"எருமைகளா, பழுக்காத கொத்தையும் சேத்து வெட்டுறீகளே, வெளங்குவீகளா?"

கோட்டை எடுத்தேன்.

"பையப் பைய, பாத்து வெட்டுங்கத்தா."

அவர்கள் காதும் குளிர்ந்தது, என் நெஞ்சும் குளிர்ந்தது. அப்போது கத்தரிகள் நின்றன.

"அண்ணே," என்றாள் சங்கிலியம்மாள், "எருமைன்னது என்னையவா, பொதுவாவா?"

"கேட்டுச்சா?"

"சத்தம் வரலண்ணே. வாயி தெரிஞ்சுச்சு."

அப்புறம்தான் உறைத்தது. இவர்களில் பாதிப் பேர் நூல் மில்லில் இருந்தவர்கள். மிஷின் இரைச்சலில் அங்கே காதால் ஒரு பிரயோசனமும் இல்லை. எதிரே நிற்பவள் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள்.

"நான் கேமராவையும்ல அணைப்பேன்," என்றாள் நாகஜோதி.

கஸ்தூரி கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"சங்கிலி, பேசுன மாதிரியே இனிமே போன்ல நாந்தான். டீயும் வடையும் வருது, வெட்டுங்க."

"சரி கஸ்தூரி. மழைக்கு முந்தி முடிச்சுருவோம்."

"என்ன பேசுன மாதிரி?" என்றேன் நான்.

"இன்னொரு தடவ நீங்க வஞ்சா போன் என் கைக்கு வந்துரும், அவுக வேலைய நிறுத்தக் கூடாதுன்னு பேச்சு. வையிறது தெரியணும்ல, அதுக்குத்தான் மூஞ்சி."

சொன்னபடி முடித்தார்கள். கடைசிப் பெட்டி லாரியில் ஏறிய பிறகுதான் மழை விழுந்தது. ஒவ்வொரு கொத்திலும் காம்பு நீளமாகவே இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதும் எனக்கு ஒரு குறை.

ஆனாலும் போன் போனது போனதுதானே. கஸ்தூரிக்கு முதுகைக் காட்டி, பீரோப் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல் வாயசைத்து அவளை ஆசை தீரத் திட்டினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். இதனால் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

பூண்டிலிருந்து கையை எடுக்காமலே அவள் சொன்னாள்:

"நானும் சங்கிலியும் ஒரே மில்லுதாங்க. அந்தப் பீரோவுல கண்ணாடி இருக்கு."