பிரேக்குக்கு எண்ணெய் அடித்த மாப்பிள்ளை

நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று கிளம்புகிறவனைத் தனியாக வெளியே விடவே கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முப்பத்து நான்கு வயதில், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, பெற்ற தாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது அம்மாவும் நானும் சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா போன பிறகு, அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மழையில் நனைக்க மனம் வராமல் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினேன். பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். ஆனால் என்னிடம் அது ஓடவே இல்லை. வேலைக்குத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். கார் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தைக்கும் போகும். மற்ற நாளெல்லாம் கடற்காற்றில் கீழே நிற்கும், நான் துடைத்துக்கொண்டிருப்பேன். (ஓட்டிய தூரத்தைவிடத் துடைத்த தூரம்தான் அதிகம்.)

அந்தச் சமயத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் வாசுகியைப் பற்றிச் சொன்னார். சிம்பாங் அம்பாட்டுப் பெண். செபராங் ஜெயாவில் ஒரு கார் சர்வீஸ் கடையில் முன் மேசை வேலை. வண்டிக்கு என்ன கோளாறு என்று வருகிறவர்களிடம் கேட்டு எழுதி மெக்கானிக்கிடம் கொடுப்பாள். ஒரே ஒருமுறை பெரியவர்களோடு நேரில் பார்த்துவிட்டு, மூன்று மாதம் போனில் பேசினோம். ஒருநாள் அவள் என் காரைப் பற்றி, "காடிய நல்லாப் பாத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"கொழந்த மாதிரி பாத்துக்குவேன்," என்றேன். என்ன ஒரு பதில்!

பெண் கேட்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியப்பா குடும்பம் தனிக் காரில் முன்னால் போய்விட்டது. தாம்பாளங்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு அம்மாவும் நானும் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டினோம். சிம்பாங் அம்பாட்டை நெருங்கியதும், தலையில் பூ சரிந்துவிட்டது என்று அம்மா சொன்னதால் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தினேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போக, நான் இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். சக்கரக் கம்பிகளுக்கு நடுவே தெரிகிற பிரேக் டிஸ்க், நாலும், கடலில் மூழ்கிக் கிடந்து எடுத்த இரும்பைப் போல் பழுப்பேறி இருந்தது. மூன்று நாள் மழையில் நின்ற கார். துரு!

வாசுகி நினைவுக்கு வந்தாள். ஒரு நாளைக்கு எத்தனையோ காரைப் பார்க்கிற பெண். முகத்தைப் பார்க்கும் முன் சக்கரத்தைத்தான் பார்ப்பாள். குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவன் லட்சணம் இதுதானா என்று நினைக்கமாட்டாளா?

காரின் பின்பெட்டியில் ஓர் எண்ணெய் ஸ்பிரே டப்பா இருந்தது. வீட்டுக் கதவுக் கீலுக்காக வாங்கியது. துருவுக்கு எதிரி எண்ணெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பிரேக் டிஸ்க் எதற்காக இருக்கிறது என்பதையும் படித்திருப்பேன். (அன்றைக்குப் பள்ளிக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும்.) நாலு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து, கஞ்சத்தனம் இல்லாமல் அடித்தேன். பழுப்பு போய்க் கறுப்பாக மின்னியது. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

"என்னய்யா பண்ற?" என்றார் அம்மா.

"டயருக்குக் காத்து பாக்கறேம்மா."

அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு ஐந்தே நிமிடம். ஹைபிரிட் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பிரேக்கை லேசாகத் தொட்டாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும். வழியில் எங்கும் முழுதாக நிற்க வேண்டிய தேவை வரவில்லை. ஆகவே விதி எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வரிசை வீடு. கேட் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியப்பாவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே வெள்ளைச் சட்டையில் வாசுகியின் அப்பா கைகூப்பி நின்றார். நான் ஸ்டைலாகத் திருப்பி உள்ளே நுழைந்து பிரேக்கை அழுத்தினேன். நடக்கிற வேகத்துக்கு வந்தது. அதுவரைக்கும் மோட்டாரின் வேலை. அதற்கு மேல் டிஸ்க்கின் வேலை. டிஸ்க் வழுக்கியது. கார் தேர் மாதிரி நிதானமாக முன்னே போனது.

"வாங்க, வாங்க," என்றபடி அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

வந்தோம்.

"வாங்க… வாங்க…" இரண்டு அடி பின்னால் வைத்தார். கூப்பிய கையை மட்டும் பிரிக்கவில்லை.

இன்னும் வந்தோம்.

"தம்பி, போதும்." நான் பெடல் மேல் ஏறியே நின்றுகொண்டிருந்தேன்.

"மாப்பிள்ள, போதும்! போதும் லா!"

அந்தப் பதற்றத்திலும் அவர் என்னை முதல்முறையாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டதைக் கவனித்தேன். காலணி அலமாரி நொறுங்கியது. கறிவேப்பிலைத் தொட்டி சாய்ந்தது. கடைசியில் அவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

"ஐயா, எறங்கலாமா?" என்று அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்.

இறங்கியதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "நேத்துதான் சர்வீஸ் விட்டேன். அந்தக் கடக்காரன் ஏதோ பண்ணிட்டான் அங்கிள்."

பயந்திருந்த மனிதருக்குக் கோபப்பட ஆள் கிடைத்துவிட்டது. "எந்தக் கட? நம்பரக் குடுங்க. உசுரு வெளையாட்டா அவனுக்கு?" என்று போனை எடுத்துவிட்டார்.

"இன்னிக்கு… கட லீவு."

"அவன் கைப்பேசி நம்பரு இருக்கும்ல?"

இல்லாத கடைக்காரனுக்கு நான் ஒரு பெயர் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசுகி வெளியே வந்தாள். நேரில் அன்றுதான் இரண்டாம் முறை பார்க்கிறேன். கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை. என்னைப் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகி முன்சக்கரத்தருகே குந்தினாள். கம்பிகளுக்குள் விரலை விட்டுத் தொட்டு, மோந்து பார்த்தாள். அப்புறம் என் வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை எண்ணெய்.

என் மானம் அவள் வாயில் இருந்தது. உள்ளே போய்ப் பழைய துணியொன்றை எடுத்துவந்து என்னிடம் நீட்டி, "கையத் தொடச்சிக்குங்க," என்றாள்.

அவள் காட்டிக்கொடுத்திருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். அந்தத் துணியை வாங்கியதும் முடியவில்லை.

"அங்கிள், கடையும் இல்ல, கடக்காரனும் இல்ல. நாந்தான் எண்ணெ அடிச்சேன். துருவா இருந்துச்சு. வாசுகி பாத்தா என்ன நெனைப்பாங்களோன்னு…"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். வாசுகியின் அப்பா என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிரேக்குக்கா? எண்ணெயா?" என்றார். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியோடு சேர்ந்து குலுங்கினார்.

மற்றவர்கள் உள்ளே வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசுகி பிரேக் கழுவுகிற ஸ்பிரேயை எடுத்துவந்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினேன். அதுதான் நாங்கள் தனியாக இருந்த முதல் அரைமணி நேரம்.

"ஹைபிரிட்ல இது சாதாரணம்ங்க," என்றாள். "மோட்டாரே காடிய மெதுவாக்கிடும், டிஸ்க்குக்கு வேல கம்மி. மழ பட்டா துரு பிடிக்கும். ஓட்டி, பிரேக் நல்லா புடிச்சா தானா போயிரும். வாரத்துல ரெண்டு பேராச்சும் இதுக்காகப் பதறிக்கிட்டு வர்றாங்க. எண்ணெ அடிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"துருவப் பாத்திருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?"

"பாவம், எங்கயும் போகாத மனுசன்னு நெனச்சிருப்பேன்."

உண்மைதான். அப்பாவோடு போன இடங்களுக்கெல்லாம் அவர் இல்லாமல் போகப் பிடிக்கவில்லை. புது இடத்துக்குப் போக ஆள் இல்லை. இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சக்கரத்தைத் துடைத்தபடி அவளிடம் சொன்னேன். அவள் கை ஒரு கணம் நின்றது.

"இனிமே போலாம் லா," என்றாள்.

அதுதான் சம்மதம் என்று புரிய எனக்குப் பின்சக்கரம் வரை ஆயிற்று.

பிரேக் பேடுகள் எண்ணெயைக் குடித்துவிட்டன, மாற்றாமல் ஓட்டக் கூடாது என்று அவள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். நாங்கள் பெரியப்பா காரில் நெருக்கியடித்துத் திரும்பினோம். மூன்று நாள் கார் அங்கேயே நின்றது. மாப்பிள்ளை பரிசத்துக்குக் காரையே கொடுத்துவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு. என் மாமனார் அதை மறுக்கவே இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. மாமனார் வீட்டுக்கு நாங்கள் போகும்போது இன்றும் அவர் வெளியே வந்து நிற்பதில்லை. ஹைபிரிட் சத்தமில்லாமல் வரும் என்பதால் உள்ளேயிருந்து போன் பண்ணுவார்: "மாப்பிள்ள, நின்னுருச்சா?" நின்றுவிட்டது என்று வாசுகி சொன்னால்தான் கதவு திறக்கும். என் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் மலைப்பாதை வழியாக பாலேக் புலாவுக்குப் போய் லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், பின்சீட்டில் அம்மாவும் மகளும். எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பிரேக் தேய்க்க," என்று மகள் சொல்லுவாள். வாசுகியும் நானும் சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால், அம்மா எதுவும் கேட்கமாட்டார். கார் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில், எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.