ஒரு நேரத்தில் ஒரே பயிற்சி

எதை வாங்கினாலும் அதோடு வரும் விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நம் லிஃப்ட்காரர்.

இருபத்தாறு வருஷமாக அடுக்கு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். படிக்கட்டில் கால் வைப்பது தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கிறவர். அந்த விசுவாசம் மெல்ல மெல்லத் தொப்பையாகி, இப்போது அவருக்கு முன்னால் நடந்து போகிறது.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி போட்டது தெரியாது, எடுத்தது தெரியாது. அவ்வளவு மெதுவான கை. வாயும் அப்படித்தான்.

போன வருஷம் லிஃப்ட்காரரின் அண்ணன் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு. லிஃப்ட்காரருக்கு ஐம்பத்தொன்று முடியப்போகிறது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: சர்க்கரையும் கொழுப்பும் மூன்று மாதத்தில் இறங்கியாக வேண்டும். நடை மட்டும் போதாது. நடை, சைக்கிள், நீச்சல் மூன்றும் வேண்டும்.

அன்று சாயங்காலமே மனைவி ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தாள். எடுத்து வைக்கும் அடியை எண்ணும், நாடித் துடிப்பைக் காட்டும். கடையில் இருந்ததிலேயே மலிவானது. லிஃப்ட்காரர் புத்தகத்தோடு உட்கார்ந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தா, இங்க வா. இது ஒரு நேரத்துல ஒரு பயிற்சியைத்தான் பதிவு பண்ணுமாம்."

"அப்படின்னா?"

"நடந்தா நடை. அதை நிறுத்தணும், சேமிக்கணும், பட்டியலைத் தள்ளித் தள்ளி சைக்கிளைத் தேடணும், மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுக்குள்ள உடம்பு ஆறி அவலாயிடும்."

"விலை கூடினதுல?"

"அதுல மூணையும் ஒண்ணாக் கோத்துப் போட வசதி இருக்கு. இதுல கிடையாது. ஈர விரலால தொட்டா வேற, அசையாம கல்லு மாதிரி இருக்கும்."

"ஐயோ பாவம். அப்ப நீங்க செய்யறதெல்லாம் வீணாப் போகுமா?"

"உடம்புக்கு வீணாகாது. கடிகாரத்துல வராது, அவ்வளவுதான்."

"அப்ப அதுல என்னதான் தெரியும்?"

"நடை தெரியும். ஒரு பன்னெண்டு நிமிஷம். மத்த ரெண்டையும் நீ நம்பித்தான் ஆகணும்."

"நம்புறேங்க. உங்களை நம்பாம யாரை நம்பப் போறேன்?" என்றாள் மனைவி. லிஃப்ட்காரர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மறுநாளிலிருந்து திட்டம் சக்கைப்போடு போட்டது. காலை ஐந்தரைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவார். ஏறி மிதிக்க மாட்டார், அதையும் வாக்கிங் கூட்டிப் போவார். பன்னிரண்டாவது நிமிஷம் நீச்சல் குளத்து வாசல். கடிகாரத்தில் நடையை முடித்துச் சேமிப்பார். குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தரை ஓடுகளையெல்லாம் பெயர்த்துப் போட்டு வேலை நடந்தது. அங்கே இரண்டு நாற்காலியும் ஒரு செஸ் பலகையும் வைத்துக்கொண்டு வாட்ச்மேன் காத்திருப்பார்.

வாட்ச்மேன் அதிகம் பேசாதவர். பிளாஸ்கிலிருந்து சர்க்கரை போடாத டீயை ஊற்றிக் குடிப்பார், குதிரையை நகர்த்துவார், வானத்தைப் பார்ப்பார். ஐம்பது நிமிஷம் போவதே தெரியாது. பிறகு லிஃப்ட்காரர் குழாயடியில் தலையைக் காட்டி நனைத்துக்கொள்வார். வீட்டுத் தெருமுனையில் மட்டும் சைக்கிளில் ஏறி, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இறங்குவார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வெறும் சோம்பேறியும் இல்லை. அவர் வேலை அப்படி. நாள் முழுக்க போன் அடிக்கும். பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்கள், "சார், மூச்சு முட்டுது" என்று அழுவார்கள். "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று இவர் ஓடுவார். அண்ணன் போனதிலிருந்து இவருக்கும் மூச்சு முட்டத்தான் செய்தது. ஷூ நாடாவைக் கட்டக் குனியும்போதெல்லாம் பயமாக இருந்தது. அதை யாருக்குப் போன் போட்டுச் சொல்வது? தண்ணீர் இல்லாத அந்தக் குளத்தங்கரையில், போனும் கடிகாரமும் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஐம்பது நிமிஷம் மட்டும் அவருக்கு மூச்சு முட்டவில்லை.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. மனைவி மேஜையில் ஒரு பையைக் கவிழ்த்தாள். அதே மலிவுக் கடிகாரம், இன்னும் இரண்டு.

"என்ன இது?"

"ஒரு கடிகாரத்துக்கு ஒரு பயிற்சி. அப்ப மூணு பயிற்சிக்கு மூணு கடிகாரம். சரிதானே? நிறுத்த வேணாம், தேட வேணாம். இடது கையில நடை, அதுக்கு மேல சைக்கிள், வலது கையில நீச்சல். கை காய்ஞ்சிருக்கும்போதே அமுக்கிட்டு உள்ள குதிங்க."

லிஃப்ட்காரர் முப்பத்தொன்றாம் பக்கத்தை மனசுக்குள் புரட்டினார். மூன்று கடிகாரம் கட்டக் கூடாது என்று பாவிகள் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

"அது வந்து... நீச்சல் இப்ப முடியாதே."

"ஏங்க?"

"குளத்துல தண்ணி இல்ல. ஓடு மாத்துறாங்க."

"அடடா! எத்தனை நாளா?"

"அது ஆச்சு, ரெண்டு மாசமா..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன செய்ய? வார்த்தை ஏற்கெனவே வெளியே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"போன வாரம் எடுத்த ரத்தம். நானே மெஷின்ல வெச்சு, நம்பர் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். ஒண்ணுகூட இறங்கல. உங்க அண்ணனோட கடைசி ரிப்போர்ட்டும் நான் எடுத்ததுதான். கிட்டத்தட்ட இதே நம்பருங்க." அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்கு."

லிஃப்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. செஸ்ஸையும் குழாயடியையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கடைசியில் நாடா கட்டக் குனியும்போது வரும் பயத்தையும் சொன்னார். அதைச் சொல்லத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, கேளுங்க. நாப்பது நிமிஷம் ஒழுங்கா நடையும் சைக்கிளும். அப்புறம் கடிகாரத்தைக் கழட்டிட்டு உங்க இஷ்டத்துக்கு உட்காருங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

"அந்த மூணாவது கடிகாரம்?"

"அது இருக்கட்டும். குளத்துல தண்ணி வர்றப்ப பாத்துக்கலாம்."

அவர் மனசு உருகித்தான் போயிற்று, அதில் பொய்யில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மனசு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதே பழைய மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் எப்படியும் விடியற்காலையில் குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவர். நடைக் கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டால் கடிகாரம் பாட்டுக்கு எண்ணும். இவர் பாட்டுக்கு உட்காரலாம். நாளைக்கு, நாளைக்கு நிச்சயமாக, நிஜமாகவே நடந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டார்.

வாசலில் நாற்காலி இல்லை. செஸ் பலகையும் இல்லை. வாட்ச்மேன் கேன்வாஸ் ஷூவில் நின்றுகொண்டிருந்தார். அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா இவர் இருந்தார்?

"அண்ணே, ஒரு சின்ன உதவி. இதைக் கொஞ்சம் கையில கட்டிக்கிட்டு ஒரு சுத்து..."

வாட்ச்மேன் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் சட்டைக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டில் அதே மலிவுக் கடிகாரம்.

"மாசாமாசம் நானும் சர்க்கரை பாக்க உங்க வீட்டம்மாகிட்டதான் சார் ரத்தம் குடுக்கிறேன். நேத்து சாயங்காலம் வந்து கட்டிவிட்டுட்டுப் போனாங்க. நாப்பது நிமிஷம் ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தப்புறம்தான் பலகையைத் தொடணுமாம். வாங்க சார், என்னோடது எண்ண ஆரம்பிச்சிடுச்சு."