பூனைக்கு வந்த வைக்கோல் வண்டி

ஒரு காட்டில் காராயி என்றொரு எருமை இருந்தாள். அந்தக் காட்டையும் சிங்கம்தான் ஆண்டது. சிங்கம் ஆளாத காட்டில் யார் கதை சொல்கிறார்கள்? புல்லை மோந்துகூடப் பார்க்காதவர்கள் கூடிப் பேசிப் புல்லுக்கு விலை வைப்பதும், பாலைத் தொடாதவர்கள் பாலுக்கு விலை வைப்பதும் அங்கே வழக்கம். அதனால் புல் விலை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பால் விலை குட்டையில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

அந்தக் கோடையில் காராயியின் விலா எலும்பு தெருக்கோடியிலிருந்தே தெரிந்தது. கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டுத் தவிடு வாங்கி வருவாள். மிஞ்சும் ஒரு சொம்புப் பால்தான் கன்றுக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால், கன்றை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் பால் கொடுத்துவிட்டுப் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறோமே என்று தன்மீதே கோபமும் வந்தது.

அப்போதுதான் சிங்கம் ஒரு திட்டத்தைக் கர்ஜித்தது. நலிந்த பால் உற்பத்தியாளருக்குத் தெருவுக்கு ஒரு வண்டி வைக்கோல். யார் நலிந்தவர் என்பதை ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்வார்.

ஆய்வாளர் ஓர் அன்னம். பாலையும் தண்ணீரையும் பிரிக்கத் தெரிந்த குடும்பம் என்பதால், பால் துறையில் வேலையெல்லாம் பரம்பரையாக அன்னங்களுக்குத்தான். தண்ணீர் கலந்த பாலைக் கொடுத்தால், பாலை மட்டும் உறிஞ்சிக்கொண்டு தண்ணீரை டம்ளரிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த டம்ளரைத் தெருவே எட்டிப் பார்க்கும். அப்புறம் அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள்.

வைக்கோல் வண்டி பின்னால் வர, அன்னம் முன்னால் நடந்து வந்தார். அவரைக் கண்டதும் காராயிக்குப் பசி, பஞ்சம் எல்லாம் மறந்துபோயிற்று. வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவதா? கன்றுக்கு வைத்திருந்த சொம்பை எடுத்தாள்.

"பொழுதோட தர்றேன் சாமி. ஆபீசர் வந்திருக்கறாரு பாரு" என்றாள் கன்றிடம். கன்று ஏதோ சொன்னது. அவள் காதில் வாங்கவில்லை.

அன்னம் டம்ளரைக் காலி செய்தார். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காராயிக்குப் பெருமை தாங்கவில்லை.

"கஷ்டம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார் அன்னம்.

"ஒரு குறையும் இல்லைங்க. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன செய்வது? கேட்டவருக்கு அப்படித்தான் பதில் சொல்லிப் பழக்கம். உள்ளே கன்று கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"வெளையாடறானுங்க."

அன்னம் அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்தார். அந்த வீட்டுப் பசு வெள்ளச்சி, இவள் வீட்டுக் கொல்லைக் கதவுக்கு ஓடி வந்தாள். "ஏனுங்க்கா, ஒரு டம்ளர் பால் குடுங்க. பொட்டு வெக்கக்கூடப் பாலில்லை. மானம் போயிரும்." காராயி ஊற்றிக் கொடுத்தாள். வெள்ளச்சி வீட்டு டம்ளர் காலியாவதற்குள் அதற்கடுத்த வீட்டு ஆடு மூக்காயி வந்தாள். சொம்பைக் கவிழ்த்து அவளுக்கும் வடித்தாள் காராயி. கன்றின் ஒரு வேளைப் பாலை வைத்துத் தெருவே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. எல்லா வீட்டிலும் குறையே இல்லை என்றுதான் சொன்னார்கள்.

"இந்தத் தெருவில் பாலாறு ஓடுகிறது" என்றார் அன்னம். ஆனாலும் அவர் முகம் வாடிவிட்டது. நலிந்தவர் ஒருவரையாவது காட்டாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் சிங்கம் சும்மா விடாது.

அப்போது தெருக்கோடியில் யாரோ இருமினார்கள். கள்ளிப்பெட்டி ஒன்றில் குடியிருந்த தவசிதான். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கத் தோன்றும் முகம் அவனுக்கு.

"ஏழை வீட்டுக்கும் வரணுமுங்க" என்று ஒரு டம்ளரை வைத்தான். பச்சைத் தண்ணீர். அன்னம் அலகை விட்டார். பரம்பரைப் பழக்கத்தில் பிரித்துப் பார்த்தார். டம்ளரில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"பால் இல்லையா?"

"இல்லைங்க."

"மாடு?"

"அதுவும் இல்லைங்க."

"எப்போதிருந்து?"

"பொறந்ததுலேர்ந்துங்க" என்று கண்ணை மூடிக்கொண்டான் தவசி.

அன்னத்தின் குரல் தழுதழுத்தது. "மாடு வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடே இல்லாமல் கஷ்டப்படும் பால் உற்பத்தியாளரை இன்றுதான் பார்க்கிறேன்!"

வண்டி வைக்கோல் முழுவதும் கள்ளிப்பெட்டி வாசலில் இறங்கியது. அதன் வாசனை காராயி வீடுவரை வந்தது. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து நின்றது.

அன்னம் போனதும் தவசி வந்தான். "வெக்கல் எனக்கெதுக்குங்க்கா? படுத்தாக் குத்துது. நீங்களே எடுத்துக்கங்க. தெனம் ஒரு கிண்ணம் பால் மட்டும் குடுத்தாப் போதும். ஏடு எடுக்காம."

வேறு வழி? அந்த வைக்கோலில்தான் கன்று அக்கரைக்குப் போகாமல் தப்பியது. அதற்கு வர வேண்டிய சொம்பில் ஒரு கிண்ணம் தவசிக்குப் போனது. தவசியின் கன்னம் உப்பியது.

அடுத்த கோடைவரை காராயி ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகினாள். அசை போடும்போதும் "கஷ்டமுங்க, கஷ்டமுங்க" என்றே அசை போட்டாள்.

மறுபடியும் அன்னம் வந்தார். இந்தத் தடவை நேரே கள்ளிப்பெட்டிக்குப் போனார். காராயி பின்னாலேயே ஓடினாள். தவசியின் மீசையில் காலையில் குடித்த பாலின் ஏடு ஒட்டியிருந்தது. திருட்டுப் பூனை மாட்டிக்கொண்டான் என்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"மீசையில் என்ன?" என்று கேட்டார் அன்னம்.

தவசி பதறவே இல்லை. "பாலேடுங்க. எல்லாம் திட்டத்தோட பலனுங்க."

அன்னம் சிறகை அடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "போன வருஷம் பச்சைத் தண்ணீர். இந்த வருஷம் பாலேடு! காட்டிலேயே திட்டம் வெற்றி பெற்ற ஒரே வீடு இதுதான்!"

காராயிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "கஷ்டமுங்க!" என்று காடு அதிரக் கத்தினாள். "எனக்குத்தானுங்க கஷ்டம்! அவன் குடிச்சது எம்பட பாலுங்க!"

அன்னம் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உன்னிடம் பாலும் இருக்கிறது, கஷ்டமும் இருக்கிறதென்றால், உனக்குத் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம். தவசியிடம் பயிற்சி எடுத்துக்கொள்."

அந்த வருஷத்து வைக்கோல் பயிற்சியாளருக்கே போனது. புங்கமரத்தடியில் முகாம் போட்டார்கள். காராயியும் வெள்ளச்சியும் மூக்காயியும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்குப் பால், காராயி வீட்டிலிருந்து.

தவசி தொண்டையைச் செருமினான். "பால் தொழில்ல முன்னுக்கு வரணுமா? மொதல்ல மாட்டை ஒழிச்சுக் கட்டுங்க. மாடு இருக்கற வரைக்கும் ஒருத்தனும் உங்களுக்கு உதவ மாட்டான். எல்லாச் செலவும் அதாலதான். சந்தேகம் இருந்தாக் கேளுங்க."

காராயி தயங்கித் தயங்கி முன்னங்காலைத் தூக்கினாள்.

"ஏனுங்க, அந்த மாடே நாந்தானுங்களே?"

அன்னம் டம்ளரிலிருந்து அலகை எடுக்காமல், "கேள்வியெல்லாம் கடைசியில்" என்றார்.

நீதி: பாலைக் கொடுப்பது மாடு, பாலைக் குடிப்பவரே பால் உற்பத்தியாளர்.