பானை ஓட்டில் ஓட்டு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடிகாரம் பழுதுபார்ப்பவர், அவர் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், கடிகாரக்காரரின் அப்பா, நாலு நாள் தங்கிப் போக வந்து நாலு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத மச்சினன்.

அந்தக் கட்டில் கடிகாரக்காரருடையது. மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்தது. இப்போது அவர் கதவோரம் பாயில் படுத்தார். அங்கே காற்று வராது, கொசு வரும். ஆனால் "உன் தம்பி எப்போ கிளம்புவான்?" என்று மனைவியிடம் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை.

காலையில் கடை வானொலியில் ஒருவர் பேசினார். டெமாக்ரசி என்பது கிரேக்கச் சொல். டெமோஸ் என்றால் மக்கள், க்ராட்டோஸ் என்றால் அதிகாரம். அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் ஆகாதவன் பெயரைப் பானை ஓட்டில் கீறிப் போடுவார்களாம். அதிக ஓடு யாருக்கு விழுந்ததோ, அவர் பத்து வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டுமாம்.

கடிகாரக்காரர் கையிலிருந்த திருகாணி நழுவியது. வழி கிடைத்துவிட்டது! தான் வாய் திறக்க வேண்டாம், ஓடு பேசும். தான், அப்பா, மகள், ஆக மூன்று. எதிரில் அக்காளும் தம்பியும், இரண்டு. மகள் மாமன் பக்கம் சாய்ந்துவிட்டால்? பகலெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

மாலையில் டெமாக்ரசியை எல்லோருக்கும் விளக்கினார். விளக்கிய வேகத்தில் அடுக்களைப் பானையைத் தூக்கித் தரையில் போட்டார். பதினோரு துண்டு.

"ஐயோ, குடிதண்ணிப் பானைங்க!" என்றாள் மனைவி.

"கிரேக்கர்களும் பானை ஓட்டுலதான்..."

"அவங்க உடைஞ்ச பானையாப் பார்த்துப் பொறுக்கியிருப்பாங்க அத்தான்," என்றான் மச்சினன், படுத்தபடியே.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "தோத்தவங்க எங்க போகணும்?"

"மொட்டை மாடி சாமான் அறைக்கு."

"பத்து வருஷமா?"

"சட்டம்னா சட்டம்."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நானா? சேச்சே!"

மனைவி குழாயைத் திறந்தாள். பகல் வெயிலில் சூடேறிய தொட்டித் தண்ணீர். ஆளுக்கொரு டம்ளர் நீட்டினாள்.

"இனிமே இதுதான் குடிதண்ணி. குடிச்சிட்டு எழுதுங்க."

"இது பிரசாரம்!"

"தண்ணிங்க."

அப்பா ஒரு வாய் குடித்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். ஓட்டை வாங்கினார்.

ரகசிய வாக்கெடுப்பு முடிந்தது. மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மச்சினன். அத்தான். அப்பா. என் மகன். இவர்."

கடிகாரக்காரர் துள்ளினார். "ஆளுக்கு ஒண்ணு! சமம்! செல்லாது!"

"முதல் ஓட்டைத் தவிர மத்த நாலும் நீங்கதாம்பா," என்றாள் மகள், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் பாயைச் சுருட்டினார். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தபோது மனைவி மிச்ச ஓடுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதையாவது வெளியில கொட்டேன்."

"இருக்கட்டுங்க. பத்து வருஷம் கழிச்சு உங்களை இறக்கலாமா வேணாமான்னு ஓட்டுப் போட வேணாமா?"

எண்ணினாள். மீதி ஆறு.