குப்பை லாரி யார் வாசலுக்கு?

மைசூரு,
செவ்வாய்க்கிழமை

சௌபாக்கியவதி ஜயம்மாவுக்கு, அண்ணா ஆழ்வார் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பேனாவே மூக்கைப் பொத்திக்கொண்டது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் தாராளமாக மூச்சு விடுகிறீர்கள் என்று நம்புகிறேன். விடுங்கள். அதற்கும் கொடுப்பினை வேண்டும்.

விடுமுறைக்கு நீ அனுப்பிவைத்த உன் பெண் அபூர்வா, நாலு படம் வரைவாள், மைசூர்பாகு தின்பாள், ஊர் திரும்புவாள் என்று எண்ணி, பேட்டை நூலகத்தில் லீலா டீச்சர் நடத்தும் கோடை வகுப்பில் சேர்த்தேன். மரம் நடச் சொல்லித்தருவார்கள் என்று பார்த்தால், ஊர்க் குப்பை ஏன் எப்போதும் இல்லாதவன் வாசலிலேயே விழுகிறது, அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லித்தருகிறார்கள். சுற்றுச்சூழல் நீதியாம். அபூர்வாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணி என்கிற பெண் உடனே எழுந்து, எங்கள் வாசலில்தான் டீச்சர் என்றாளாம். அத்தோடு முடிந்தது என் நிம்மதி.

சுற்றுவட்டத் தெருக்களின் குப்பையையெல்லாம் சின்ன ஆட்டோக்கள் கொண்டுவந்து பெரிய லாரிக்கு மாற்றுகிற இடம், கௌதள்ளி கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் சந்து. தாரணியின் கைக்குழந்தைத் தங்கைக்குப் பிறந்ததிலிருந்து இருமல் நின்றதில்லை. அபூர்வாவும் தாரணியும் கோஷம் போட்டார்களா? இல்லை. சுகாதார இன்ஸ்பெக்டரைப் பதமாகக் கூப்பிட்டு, சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு வரவழைத்து, லாரிக்குப் பக்கத்திலேயே வாழையிலை போட்டுவிட்டார்கள். தாரணியின் அம்மா மாதம்மா, "வந்தது வந்தீங்க, ஒரு வாய் ஊட்டா பண்ணிட்டுப் போங்க சார். நாங்க தெனமும் இங்கதானுங்க சாப்பிடறோம்" என்று களியும் அவரைக்காய்க் குழம்பும் பரிமாறினாளாம். அந்த மனுஷர் முதல் உருண்டையை வாயருகே கொண்டுபோவதற்குள் நாலு யுகம் கழிந்து, ஐந்தாவது யுகத்தில் கையைக் கழுவிக்கொண்டு, இனி லாரி மாதம் ஒரு தெருவில் முறைவைத்து நிற்கும் என்று சொல்லிவிட்டார். முதல் முறை நம் தெரு. எந்த வாசலில் நிறுத்துவது என்று டிரைவர் கேட்க, கையைக் காட்டியது உன் பெண்.

அன்று முதல் நம் மாடியில் காக்கைகளின் உலக மாநாடு. நாற்றம் காலையில் கிளம்பிச் சாமுண்டி மலை ஏறி, அம்மனைச் சேவித்துவிட்டு, இராத்தங்க நம் வீட்டுக்கே வருகிறது. எந்தப் பக்கம் திரும்பிக் காபி குடித்தாலும் அதில் முந்தாநாள் முட்டைக்கோஸ். எதிர்வீட்டு வேலாயுதமும் மூலைவீட்டு வடிவும் தெருவையே திரட்டிக்கொண்டு வந்து, லாரியைத் திருப்பி அனுப்ப மனு எழுத உங்களைவிட்டால் ஆள் ஏது என்றார்கள். நான் களைத்த மனுஷன்தான், ஆனால் புகழ்ச்சிக்குக் களைத்தவனில்லை. லாரியைப் பழைய இடத்துக்கே மாற்றும்படி, படிக்கிற அதிகாரி எழுந்து நின்று அழுவதுபோல் ஒரு மனு எழுதினேன். அபூர்வா படித்துப் பார்த்தாள். கோபப்படவில்லை, பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"பழைய இடம்னா எது மாமா?"

"பழைய இடம்தான்டீ."

"பேர் போட்டு எழுதுங்கோ. தாரணி ஆத்து வாசல்னு."

கையெழுத்துப் போடாமலே மனுவை மடித்து வைத்தேன். இந்த வயதில் ஒருவனுக்கு மனசாட்சி வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரக் கூடாது, ஜயம்மா. ஞாயிற்றுக்கிழமை வந்து அவளை அழைத்துப் போய்விடு. பஸ் கிளம்பிய மறுநிமிஷம் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்துவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். மேல்கோட்டைப் பெருமாள் செல்லப்பிள்ளை உங்களையெல்லாம் காக்கட்டும். என்னைக் காக்க அவன் இந்தத் தெருவுக்குள் வர வேண்டும், வர மாட்டான்.

இப்படிக்கு,
அலுத்துப்போன அண்ணா,
ஆழ்வார்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மனுவில் 'பழைய இடம்' என்பதை அடித்துவிட்டு, யார் வாசலுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்களே எழுதட்டும் எனக் காலியிடம் விட்டுத் தெருவில் சுற்றுக்கு விட்டேன். ஒருவரும் எழுதவில்லை. வேலாயுதம் மட்டும் தன் சம்பந்தி வீட்டு விலாசத்தைப் பின்கோடோடு எழுதியிருந்தார். ஆகையால் இந்த மாதம் முடிகிறவரை லாரி எங்கேயும் போகப்போவதில்லை. உன் பெண்ணும் போக வேண்டாம்.