மாமி கவிழ்த்த தண்ணீர் பாட்டில்

கம்பத்திலிருந்து தேனி வரை எந்தெந்தப் பெட்ரோல் பங்க்கில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எனக்கு எம்.எஸ். இருக்கிறது. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்று நீட்டிச் சொல்ல வேண்டும். நரம்புகளின் மேலுறை பழுதாகி, மூளை சொல்வது உடம்புக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய். நான் இடது காலை இழுத்துக்கொண்டு நடப்பது ஊருக்கே தெரியும். மூத்திரம் முட்டினால் அரை நிமிடம்கூடத் தாங்காது என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. (கணவருக்கும்தான்.)

மூன்று வருடமாக டாக்டர்களிடமும் காலைப் பற்றியே பேசினேன். எங்கள் வீட்டில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கணவரும் மாமியும் (அவருடைய அம்மா) எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் இருவரும் மருந்து வாங்க எழுந்து போன நேரத்தில், தேனி டாக்டரம்மாவிடம் கடகடவென்று சொல்லிவிட்டேன்.

"மூத்திரப் பை நிறைஞ்சிருக்கும்போது ஒரு ஸ்கேன், போயிட்டு வந்ததும் ஒண்ணு எடுக்கணும். அடுத்த வாரம் வாங்க" என்றார். வீட்டில் "வயித்துக்கு ஸ்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

பயணம் என்றால் முந்தின நாளே தண்ணீரை நிறுத்துவது எங்கள் பக்கத்துப் பெண்களின் பழக்கம். பழக்கதோஷம், அன்றைக்கும் நிறுத்தியிருந்தேன். பை நிறைய வேண்டிய ஸ்கேனுக்குத் தொண்டை காய்ந்துபோய் வந்து நின்ற புத்திசாலி நான் ஒருத்திதான்.

"தண்ணி குடிக்கலையாக்கா? ஒரு லிட்டர் குடிங்க. முட்டுச்சுன்னா சொல்லுங்க" என்றாள் ஸ்கேன் சென்டர்ப் பெண்.

கணவர் ஓடிப்போய்த் தண்ணீர், இளநீர், திராட்சை ஜூஸ் என்று அள்ளிக்கொண்டு வந்தார். "நீ மட்டும் எப்படி ஆத்தா குடிப்ப?" என்று மாமியும் துணைக்குக் குடித்தார். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு லோயர் கேம்ப்பில் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் ஒன்றாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் ஸ்கேனை முடித்துவிட்டேன்.

"இப்பப் போயிட்டு வாங்கக்கா."

கால் ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், இருந்த ஒரே கழிவறை உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரு உள்ள? சீக்கிரம் வாங்க!"

"ஆள் இருக்கு!" மாமியின் குரல்.

"மாமி, நான்தான்!"

"செத்த பொறு ஆத்தா!"

பொறுக்க முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகளை "பெல் அடிக்கிற வரைக்கும் அடக்கு" என்று உட்கார வைத்த டீச்சர், ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது நனைந்த சேலையோடு நின்றேன். அழுகை வந்துவிட்டது. கணவர் நல்லவேளையாக அந்தப் பக்கம் திரும்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மாமி தரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைத் திறந்து, மிச்சத் தண்ணீரை என் சேலையிலும் தரையிலும் கவிழ்த்தார்.

"அய்யோ, பாட்டில் தவறிருச்சே! மருமக சேலையெல்லாம் போச்சே! யாராச்சும் வந்து தொடச்சு விடுங்க!"

கட்டடமே திரும்பிப் பார்த்தது. தான் போர்த்தியிருந்த துப்பட்டியை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டு, காதோரம் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா மாமி."

"எனக்கு உம் புருசன் பொறந்ததுல இருந்து."

அவ்வளவு நடந்த பிறகும் பையில் பாதி மிச்சம் இருப்பதாக இரண்டாவது ஸ்கேன் சொன்னது. மாத்திரையும் இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சியும் கொடுத்த டாக்டரம்மா, தண்ணீரை நிறுத்தியதற்காகத் திட்டவும் செய்தார். அடுத்த வாரம் மாமிக்கும் அங்கே ஒரு சீட்டுப் போட்டோம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சி செய்கிறோம்.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "எங்கம்மா கையில பாட்டிலைக் குடுத்துறாதீக, கவுத்திருவாக" என்று கணவர் எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். சத்தமாகச் சிரிப்பது மாமிதான். (இதைப் படித்தால் கணவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். தெரியட்டும்.)

தேனிக்குப் போகும்போதெல்லாம் சின்னமனூர் பெட்ரோல் பங்க் வந்ததும் மாமி குரல் கொடுப்பார்: "ஏலே, வண்டிய நிறுத்து. ஒம் பொண்டாட்டிக்கு அவசரமாம்."

நான் காலை இழுத்துக்கொண்டு காரிலிருந்து இறங்குவதற்குள், மாமி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டிருப்பார்.