செட்டியார் கடை டெலிபோன் பூட்டு

தம்பிராஜா சட்டைப் பையில் கையை விட்டான். திங்கட்கிழமை தபாலில் சேர்த்திருக்க வேண்டிய கடிதம் வியாழக்கிழமையும் அங்கேயே கிடந்தது. மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் ஒன்பதே நாள். கொடித் துணி கேட்டு முதலாளி சிங்கப்பூருக்கு எழுதிய கடிதம். துணி லாரி இன்று மதியம் அங்கிருந்து கிளம்பிவிடும்.

வேலை போய்விடும். மனைவி விஜயாவுக்கு ஏழாம் மாதம் வேறு.

கடையில் டெலிபோன் இருந்தது. ஆனால் நம்பர் சுற்றுகிற தட்டில் ஒரு குட்டிப் பூட்டு, இரண்டு மாதமாக.

"சாவி வீட்டுல பத்திரமா இருக்கு. பூட்டுல கை வச்சவன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று முதலாளி அடைக்கப்பச் செட்டியார் அப்போதே சொல்லியிருந்தார்.

அவர் இப்போது டாக்டரிடம் போயிருக்கிறார். சர்க்கரை வியாதி. அவர் மனைவி சிகப்பி ஆச்சி வாராவாரம் விரட்டி அனுப்பிவிடுவார்.

தம்பிராஜா ஊக்கை எடுத்துப் பூட்டுக்குள் விட்டான். ஊக்கு முறிந்து பாதி உள்ளேயே நின்றது. தேங்காய் எண்ணெய் விட்டான். எண்ணெய் வழிந்து தட்டுக்குள் இறங்கியது.

பக்கத்துச் சைக்கிள் கடைப் பொன்னுதுரையைக் கூப்பிட்டான்.

"அண்ணே, காதும் காதும் வச்ச மாதிரி தொறந்து குடுங்க."

"இனிமே இது எங்க தொறக்கும்? அறுக்கத்தான் வேணும்."

"அறுத்தா தெரிஞ்சிடுமே."

"இப்ப மட்டும் தெரியாதாக்கும்" என்று பொன்னுதுரை இரும்பு ரம்பத்தை எடுத்தார். பூட்டு இரண்டாகி விழுந்தது. தட்டில் விரல் நீளத்துக்குக் கீறல்.

எக்ஸ்சேஞ்சைப் பிடித்து, சிங்கப்பூருக்கு டிரங்க் கால் கிடைத்து, துணிக்குச் சொல்லி முடித்தபோது தம்பிராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரிசீவரை வைத்துத் திரும்பினான். வாசலில் செட்டியார் நின்றார்.

"யார் அறுத்தது?"

"நாந்தான் முதலாளி. கடுதாசிய மறந்துட்டேன். துணிக்கு இப்பத்தான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

பொன்னுதுரை ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நைசாக நழுவிவிட்டார். செட்டியார் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அடிக்கத்தான் போகிறார் என்று தம்பிராஜா கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. தட்டு சுற்றும் சத்தம்தான் கேட்டது. போலீசுக்கா?

"நான் அடைக்கப்பன் பேசறேன்" என்றார் செட்டியார், மிக மெதுவாக.

மறுமுனையில் பெண்டஹாரா ரோடு பலகாரக் கடைச் சுப்பையனின் வெண்கலக் குரல் கடை முழுக்கக் கேட்டது:

"செட்டியாரா? லட்டு வேணும்னு நீங்க கூப்பிட்டு ரெண்டு மாசமாச்சே, போனுக்குப் போட்ட பூட்ட ஆச்சி தொறந்து விட்டுட்டாங்களா?"